முப்பது சதவீதமாம்!

மழையில் பயிர் சேதமானவர்களுக்கான நிவாரணப் பட்டியலில் என் பெயர் இல்லை. விசாரித்தால், "உங்க வயல்ல சேதம் 30 சதவீதம்தான், 33 இருந்தாத்தான் நிவாரணம்" என்கிறார்கள். முப்பதாம்! எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று சொன்னால் அந்தத் தராசுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுகிறேன்.

கணக்கெடுத்த அழகைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். தை பிறந்து, அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்த வாரத்தில் மழை. சம்பா முழுக்கப் படுத்துவிட்டது. தண்ணீர் வடியவே ஆறு நாள். அலுவலர் வந்தது பதினோராம் நாள். வண்டியை ரோட்டோரம் நிறுத்தினார். ஸ்டாண்டுகூடப் போடவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டார். இறங்கி வாங்க சார் என்றேன். "சேறா இருக்கே" என்றார். வயலில் சேறு இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்ததோ என்னவோ. புருவத்துக்கு மேல் கையை வைத்து ஒரு பார்வை. அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: "பச்சையாத்தானே இருக்கு, பெரியவரே?" (எனக்கு 46 வயது.)

பச்சைதான் சார்! சாய்ந்த கதிர் தண்ணீரில் ஊறி முளைத்துக் கிடக்கிறது, அந்தப் பச்சை! ஓடிப்போய் ஒரு கொத்தைப் பிடுங்கி வந்து நீட்டினேன். நெல்லுக்கு நெல் வெள்ளை வேர், மேலே ஊசி மாதிரி முளை. கைக்குள் ஒரு நாற்றங்காலே இருந்தது. வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். என்னையும் கதிரையும் சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்தார், கிளம்பிவிட்டார். அந்தப் படத்தில் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் 30 போட்டிருக்க வேண்டும்.

பக்கத்து வயலுக்கு 40. நடுவில் இருப்பது ஒரு முழ வரப்பு. அங்கே நின்ற தண்ணீர் என் வயல் வழியாகத்தான் வாய்க்காலுக்கு வடிந்தது. பட்டா எண் பார்த்து நிதானமாக வடிந்திருக்கும் போல.

சரி, கிடைத்திருந்தால் மட்டும் மாடி வீடா கட்டியிருப்பேன்? 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள். 2024 பெஞ்சல் புயலுக்கு 17,000. உரம், டீசல், ஆள்கூலி எல்லாம் ஏறியது, இது மட்டும் வடிந்தது. ஹெக்டேர் என்றால் கேட்கக் கம்பீரமாக இருக்கும். நாங்கள் மா என்கிற சின்ன நில அளவில் பிழைக்கிறவர்கள். ஏறக்குறைய ஏழரை மா சேர்ந்தால்தான் ஒரு ஹெக்டேர். ஏழரை! அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அந்த 17,000 கணக்கில் மாவுக்கு 2,300 ரூபாய்தான் தேறும். அதற்கு அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் என்று எத்தனை ஜெராக்ஸ்! அந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் இந்த வருஷம் முப்போகம்.

மேல்முறையீடு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பசி தாங்காமல் பஸ் ஸ்டாண்டில் ஒரு வடை வாங்கினேன். பன்னிரண்டு ரூபாய். கையில் வாங்கிப் பார்த்தால் வடையைவிட ஓட்டை பெரிசு. எப்படிப் பார்த்தாலும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம். கடைக்காரரிடம் காட்டினேன். அவரும் புருவத்துக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்றார்.