சத்தமில்லாத படத்துக்குத்தான் தியேட்டர் வேண்டும்

"பெரிய படமென்றால் தியேட்டர். இந்த மாதிரிப் படமெல்லாம் ஓடிடியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்." அலுவலகத்திலும் சொந்தபந்தத்திலும் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. குண்டு வெடிக்கிற படத்தை வீட்டு டிவியில் பார்த்தாலும் குண்டு வெடிக்கத்தான் போகிறது. யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற படத்தை வீட்டில் எப்படிப் பார்ப்பது? இரண்டாவது நிமிடத்திலேயே கை கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை', 'கொட்டுக்காளி' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. செப்டம்பர் 20 அன்று 'லப்பர் பந்து', 27 அன்று 'மெய்யழகன்'. நான்கையும் அப்போது தியேட்டரில் பார்த்தேன். அண்மையில் வீட்டில் மறுபடியும் பார்த்து முடித்தேன். நான் விமர்சகன் இல்லை. டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஒரு சேவலோடு ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்க வாயே திறப்பதில்லை. தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிய குரலில் சூரி உறுமுகிறார். வழியில் ஒரு காளை நின்றுகொண்டு நகர மறுக்கிறது. இத்தனை ஆம்பிளைகள் திகைத்து நிற்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். தியேட்டரில் அந்த இடத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது, பிறகு அது சட்டென்று அடங்கியது. சிரித்தவர்களுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். வீட்டில் பார்த்தபோது அதே காட்சியின் நடுவே குக்கர் விசில் அடித்தது. இது திரையரங்குக்கே வந்திருக்கக் கூடாத படம் என்று திரைத்துறைக்குள்ளேயே குரல் எழுந்தது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பி.எஸ். வினோத்ராஜ் அந்த ஆட்டோவின் சத்தத்தையும் காற்றையும் நம்பித்தானே படம் எடுத்திருக்கிறார்? அதைக் காதில் வாங்க இருட்டு வேண்டும், பக்கத்தில் நாலு பேர் வேண்டும்.

'மெய்யழகன்' கதை வேறு. வெளியான சில நாள்களிலேயே நீளம் என்று சொல்லிச் சுமார் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். கார்த்தியும் அரவிந்த்சாமியும் இரவு முழுக்கப் பேசுகிற பகுதியிலும் கத்தரி விழுந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இருவர் பேசித் தீர்ப்பதுதான் படமே! "அத்தான், அத்தான்" என்று கார்த்தி உருகுகிறார். அரவிந்த்சாமிக்கோ அவர் பெயர்கூட நினைவில்லை. அந்தக் கூச்சம் நமக்குள் இறங்க நேரம் பிடிக்கும். மணமேடையில் அரவிந்த்சாமி தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் காட்சியில் என் முன்வரிசையில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு எங்கள் வரிசையிலும் அது தொற்றிக்கொண்டது. சோபாவில் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை.

'வாழை' பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். வாழைத்தார் சுமக்கும் கூலிக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டதற்கு எவ்வளவு பெரிய விலை என்று மாரி செல்வராஜ் காட்டியதில் குறையே இல்லை. ஆனால் சாவு வீட்டில் பசி தாளாமல் சோற்றில் கை வைக்கிறானே அந்தப் பையன், அதுவே போதும். அதற்கப்புறம் இசை கொஞ்சம் ஒதுங்கி நின்றிருக்கலாம். நாங்கள் அழுவதற்கு யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

'லப்பர் பந்து' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் கொண்டாடிவிட்டார்கள். விஜயகாந்த் மறைந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரத்தில் 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலித்ததும் அரங்கமே எழுந்து ஆடியது. இவ்வளவுக்கும் அது 1989-ல் அவர் படத்தில் வந்த பாட்டு. நட்சத்திரப் பட்டாளமும் இல்லை, பிரமாண்டமும் இல்லை. ஊர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற மருமகனும் மாமனாரும் முறைத்துக்கொள்வதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

எங்கள் ஊரில் 'கொட்டுக்காளி'க்குச் சில நாள்கள்தான் காட்சி கிடைத்தது. ஏதாவது திரைப்படச் சங்கம் அதை மறுபடி பெரிய திரையில் போடுவதாகத் தெரிந்தால் கருத்தில் சொல்லுங்கள். என் செலவில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வருகிறேன். குக்கர் வைத்தவரையும் சேர்த்துத்தான்.