அது வண்ணம் அன்று, மண்

இங்கிலாந்தின் மிண்டன் பீங்கான் ஆலையில் செய்த பூச்சாடிகளில் காணப்படும் வெள்ளை நங்கையர் உருவங்கள் வெள்ளை வண்ணத்தால் தீட்டப்பட்டவை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அவை தீட்டிய ஓவியங்கள் அல்ல. மண்ணால் எழுப்பிய புடைப்புருவங்கள். பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையில் பணியாற்றிய மார்க் லூயி சொலோன், 1870-இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது இங்கிலாந்து வந்து, ஸ்டோக் நகரின் மிண்டன் ஆலையில் சேர்ந்து, இந்த முறையை அங்கே வேரூன்றச் செய்தார்.

கருநீலமோ கரும்பச்சையோ கலந்த, இன்னும் சுடாத சாடியின் மேல், நீராகக் கரைத்த வெள்ளைக் களிமண் குழம்பைத் தூரிகையால் பூசி, அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சைப் பூசி, வாரக்கணக்கில் இப்படி உயர்த்தியபின், உலர்ந்த மண்ணைச் சிறு கருவிகளால் சுரண்டி முகத்தையும் விரல்களையும் செதுக்குவார்கள். துகில் மெல்லியதாகத் தெரியவேண்டிய இடத்தில் பூச்சும் மெல்லியதாக இருக்கும். சூளையில் வெந்ததும் அந்த வெள்ளை மண்ணில் ஓரளவு ஒளி ஊடுருவுவதால், அடியிலுள்ள கருநிறம் நிழலாக எழும்பும். சுடுவதற்கு முன் அந்த நிழல் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என்னை மலைக்க வைக்கிறது. கைப்பழக்கத்தை மட்டுமே நம்பி உழைத்திருக்கிறார்கள். பூச்சுகளுக்கு நடுவே காற்றுக் குமிழி சிக்கினால் அத்தனை உழைப்பும் சூளையில் பாழாகிவிடும்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சொலோனின் படைப்புகள் உள்ளன. இத்தகைய சாடியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், தோளும் முழங்காலும் மேடாக நிற்பதும், துகிலின் ஓரம் நீலத்தில் கரைந்துபோவதும் புலப்படும். "தீட்டப்பட்டவை" என்ற அந்த ஒரு சொல்லைத் திருத்திவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.