தண்ணி ஏறுதுன்னா ஏறுதுதான்

அந்தப் பரிசல் வீடியோவைப் பார்க்கவே கூடாது என்று இரண்டு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆளுக்கு ஆள் அனுப்பி, நேற்று ராத்திரி பார்த்துத் தொலைத்தேன். தூக்கம் போய்விட்டது. ஒகேனக்கல்லில் தண்ணி ஏறுகிறது என்று பரிசல் எடுக்க மறுத்த ஒரு அறுபது வயது ஓட்டியை, சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் "டேய்" என்று திட்டுகிற வீடியோ அது. ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரர் "தண்ணி ஏறுது, வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. காசு கொடுத்தவராக இருந்தாலும் சரி, ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்தவராக இருந்தாலும் சரி.

"வானத்துல ஒரு மேகம் இல்ல, எங்கடா மழை, ஏமாத்துறீங்களா" என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் கத்துகிறான். ஒகேனக்கல்லில் வெள்ளம் வர ஒகேனக்கல்லில் மழை பெய்ய வேண்டியதே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தால் போதும். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிறைந்து, அங்கே திறந்துவிடுகிற தண்ணீர் எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலு வழியாக நமக்குள் வரும். மத்திய நீர்வள ஆணையம் அளப்பதும் அங்கேதான். கன அடி கூடினால் நிர்வாகம் பரிசலை நிறுத்தும், குளிக்கவும் தடை போடும். மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், கீழே ஆறு செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். 2018 ஆகஸ்டில் வினாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டிப் போனபோது ஐந்தருவி இருந்த இடமே தெரியவில்லை. பாறையெல்லாம் தண்ணீருக்கடியில்.

எங்கள் பெரியப்பா ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் துடுப்புப் போட்டவர். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளிக்கூட லீவுக்குப் போயிருந்தேன். பரிசலில் ஏற்றிப் போவதாக முதல் நாளே சொல்லியிருந்தார். காலையில் துறைக்குப் போனதும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தன. கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம், வூட்டுக்குப் போ" என்றார். அழுது தீர்த்தேன். நான் உட்கார்ந்து அழுத பாறை சாயங்காலம் கண்ணில் படவில்லை. அப்போது அவர் கையில் மொபைலா இருந்தது?

அன்றைக்கு அவருக்குக் கூலியும் இல்லை. இதைத்தான் அந்த வீடியோவைப் பகிர்பவர்கள் யோசிக்க மறுக்கிறீர்கள். பரிசல் ஓடாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் அதை ஓட்டுகிறவர்தான். தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டு ஒருவர் பொய் சொல்லுவாரா?

நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்பது இன்னொன்று. தம்பி, இது நீச்சல் குளம் இல்லை. அடியில் பாறை இடுக்கு இருக்கிறது, சுழல் இருக்கிறது, முதலையும் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இறங்கப் பயப்படுகிற இடங்கள் இந்த ஆற்றில் உண்டு.

சில ஓட்டிகள் கட்டணத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள், தப்புதான், புகார் கொடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"நாங்க வரலைன்னா நீங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க" என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே எண்ணூறு லைக். உண்மைதான். நீங்கள் வந்தால்தான் மீன் வறுக்கிற அக்காவுக்கு அடுப்பு எரியும், எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணனுக்கு வருமானம். நாங்கள் இல்லை என்று சொல்லவில்லையே. அதற்காக அறுபது வயது மனுஷரை "டேய்" என்று கூப்பிடலாமா? அவர் கடைசி வரைக்கும் "சாமி, சாமி" என்றுதான் பேசினார். எனக்கு அந்த இடத்தில்தான் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று. வீடியோவில் அந்தக் கூட்டம் பாறையில் உடைத்துப் போட்ட பாட்டிலை யாராவது கவனித்தீர்களா? அந்தக் கண்ணாடி மேல் நாளைக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் எங்கள் ஆட்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் நாங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. என் அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே பல்லெல்லாம் பழுப்பேறிவிட்டது, இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். இந்த ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு, எங்களுக்குக் குடத்துத் தண்ணீர்.

வெளியூர்க்காரன் தெரியாமல் கத்தினான், அவனைக்கூட விட்டுவிடுவேன். அந்த வீடியோவைச் சிரிப்பு பொம்மை போட்டுப் பகிர்ந்தவர்களில் மூன்று பேர் பென்னாகரத்தில் என்னோடு படித்தவர்கள். ஒருவனுடைய அப்பாவே பரிசல் ஓட்டியவர். டேய், உனக்குமா தெரியாது, தண்ணி ஏறினால் எப்படி இருக்கும் என்று?