உடல் முழுக்க வண்ணம் பூசினால் மூச்சடைக்குமா?

உடல் முழுக்க வண்ணம் பூசிக்கொண்டு ஓட்டத்தில் கலந்துகொண்டால் தோல் மூச்சுவிட முடியாமல் உயிரே போய்விடும், அதனால் முதுகில் ஓரிடத்தைப் பூசாமல் விட வேண்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அது சரியில்லைங்க.

நாம் மூச்சுவிடுவது நுரையீரலால். தோலின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அடுக்கு காற்றிலிருந்து நேரடியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்பது உண்மைதான், ஆனால் உடலின் மொத்தத் தேவைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தவளை வேண்டுமானால் தோல் வழியாகச் சுவாசிக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? பள்ளி உயிரியல் புத்தகத்தில் சுவாச மண்டலம் பாடத்தை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் வண்ணம் பூசும் முன்பு ஒரு தடவை, பூசிக் காய்ந்த பிறகு ஒரு தடவை பாருங்கள். மாட்டுகிற விரலில் மட்டும் வண்ணமோ நகப்பூச்சோ இருக்கக் கூடாது, இருந்தால் கருவி தப்பாகக் காட்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இரண்டு முறையும் வழக்கமான 95 முதல் 100 சதவீதத்துக்குள்தான் இருக்கும்.

ஓடும்போது கவனிக்க வேண்டியது சூட்டைத்தான். தடிமனாக அப்பிய பூச்சு வியர்வை ஆவியாவதைத் தடுக்கும், உடம்பு சூடேறும். அதனால் தோலுக்கென்றே செய்த வண்ணத்தை மெல்லிசாகப் பூசுங்கள், தலை சுற்றினால் உடனே நிழலுக்குப் போய்க் கழுவிவிடுங்கள்.