ஏஎம்பி மெயில் எல்லா இன்பாக்ஸிலும் ஓடாது

ஏஎம்பி மெயில் என்பது, மெயிலுக்குள்ளேயே படிவம் நிரப்பவும் பதில் போடவும் விடும் மெயில் வகை. "ஏஎம்பி மெயில் அனுப்பினால் போதும், யாருடைய இன்பாக்ஸிலும் படிவம் அங்கேயே திறக்கும்" என்று சிலர் சொல்வது தவறு. 2019 மார்ச்சில் ஜிமெயிலுக்கு வந்த இந்த வசதி, அதைத் தவிர இன்றும் யாகூ போன்ற ஒரு சிலவற்றில்தான் உண்டு. ஆப்பிள் மெயிலில் கிடையாது, அவுட்லுக்.காம் 2020-ல் சோதனையோடு நிறுத்திவிட்டது. அங்கெல்லாம் நாம் கூடவே வைக்கும் சாதாரண எச்டிஎம்எல் பகுதிதான் (ஊடாடும் வசதி இல்லாத வழக்கமான மெயில்) தெரியும். தயவுசெய்து அதை ஏனோதானோ என்று விடாதீர்கள்.

பயனே இல்லை என்று சொல்லவில்லை. கூகுள் டாக்ஸில் ஒருவர் கருத்து எழுதினால், ஜிமெயிலில் வரும் மெயிலுக்குள்ளேயே பதில் போட்டு முடித்துவிடலாம். நல்ல வசதி அது. ஆனால் ரசீது, டிக்கெட்டுக்கு வேண்டாம்: மெயிலை ஃபார்வர்டு செய்தால் அந்த ஊடாடும் பகுதி அதோடு சேர்ந்து போகாது.