அந்தப் படம் 1850-இல் எடுத்தது இல்லை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் தமிழர்கள், பக்கத்தில் ஒரு பழைய நில வரைபடம், மேலே "1850-இல் நம் தோட்டம்". அந்த ஆண்டு தவறு.

1850-இல் மலாயாவில் பால்மரத் தோட்டமே கிடையாது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன, அதில் 9 கன்றுகளை நட்டது நமக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில்! மரத்தில் தெரிகிற மீன்முள் வடிவச் சீவல் அதற்கும் பிந்தியது. 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கப் பரப்பிய முறை அது. அப்புறம் வரைபடத்தின் தலைப்பைப் படியுங்கள், கூட்டாட்சி மலாய் மாநிலங்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டாட்சி நடைமுறைக்கு வந்ததே 1896-இல்தான்.

சரி, நம் ஆட்கள் அதற்கு முன் இங்கே இல்லையா? இருந்தார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அவர்களுக்குப் பொய்யான ஆண்டு தேவையில்லை, நாளைக்கு யாராவது இதைக் காட்டி நம் வரலாறு முழுவதையும் சந்தேகப்பட்டால் அதுதான் எனக்கு வலிக்கும்.

வீட்டில் பழைய படமோ கிராண்ட் பத்திரமோ (நில உரிமைப் பத்திரம்) இருந்தால் ஓரத்தை வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, அளவைக் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது.