கீழாநெல்லி வேலை செய்யுமா?

மாமாவுக்கு ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2', அதாவது கல்லீரலில் கொழுப்பு என்று வந்த மறுநாளே அத்தை கொல்லைப்புறத்தில் கீழாநெல்லி தேட ஆரம்பித்துவிட்டார். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். நானும் சின்ன வயதில் மஞ்சள்காமாலைக்கு அதைக் குடித்தவன்தான், சரியாகிவிட்டது. ஆனால் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும்.

அதற்காக இதை யாரும் ஆராயவில்லை என்று நினைக்காதீர்கள். 1988-ல் நம் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போனது, வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பெரிய பரபரப்பு. அப்புறம் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை.

இங்கேதான் 'பார்த்தியா, எல்லாம் டூப்பு' என்று சிரிக்கிறவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். மூலிகை கல்லீரலுக்குப் போகும் முன்னால் குடலைத் தாண்டியாக வேண்டும், அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்வழியே சாப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. 2015-ல் சீன ஆய்வாளர்கள் விலங்குகளில் பார்த்தது: குடல் பாக்டீரியா அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது, அது குடல் சுவரை எளிதாகத் தாண்டுகிறது, தாண்டியதும் மறுபடி பெர்பெரின் ஆகிவிடுகிறது. ஆளுக்கு ஆள் குடல் கூட்டம் வேறு என்னும்போது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்துதான் வருகிறது, குடலில் நடக்கும் கூத்தெல்லாம் நேராக அங்கேதான் இறங்கும். 2019-ல் சீனாவில் ஒரு நோயாளி, சாராயமே குடிக்காமல் மாவுச்சத்து சாப்பிட்டாலே போதை ஏறும், கல்லீரலும் மோசம். குடலில் இருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவே சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது! அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள், அவற்றுக்கும் கல்லீரலில் கொழுப்பு.

என் கோபம் யார் மேல் என்றால், இந்த மாதிரி எலி ஆராய்ச்சியைப் பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள் மேல். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சாற்றோடு சேர்த்துக் காப்ஸ்யூலில் திணித்த மஞ்சள் வேறு. மிளகு சேர்ப்பதே மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் ரத்தத்தில் அதிகம் ஏறுவதற்காகத்தான். அமெரிக்காவில் 2022-ல் வந்த ஆய்வில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் 10 பேர், அதில் 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தே போனார். இயற்கைதானே, என்ன செய்துவிடும் என்று இன்னமும் கேட்கிறார்கள்.

மாமாவிடம் ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்கள், சாயங்காலம் நடங்கள் என்றேன். தலையாட்டினார். டாக்டரிடம் போகும்போது கீழாநெல்லி குடிப்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஐயோ, திட்டுவாருப்பா" என்றார்.

போன தடவையும் சொல்லவில்லையாம்.